மண்ணை மூடும் முன் சோதித்துக் காட்டு!

  

தோட்டத்தில் பைப் லைன் போடுகிறோம். கிணற்றிலிருந்து மேட்டுக்காடு வரைக்கும் காவாய் பறித்து, குழாயை இறக்கி, சொல்யூஷன் தடவி ஒட்டுகிறோம். ஒட்டின கையோடு மண்ணைத் தள்ளி மூடுகிறோமா? மூட மாட்டோம். காயவிட்டு, கடைசி வால்வை அடைத்து, மோட்டாரைப் போட்டு, ஒவ்வொரு ஜாயின்ட்டாக நடந்துபோய்க் குனிந்து பார்த்த பிறகுதான் மண்வெட்டியைத் தொடுவோம். இதை எந்த இன்ஜினியரும் வந்து நமக்குச் சொல்லித் தரவில்லை. அவசரப்பட்டு ஒருதரம் மூடி, மறுபடி தோண்டினவனுக்குத் தன்னால் வருகிற புத்தி இது.

வெறும் தண்ணி போகிற குழாய்க்கே இத்தனை பார்க்கிறோம். பெட்ரோல் போகிற குழாயை ரிப்பேர் செய்தவர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கான்கிரீட் போட்டு மூடிவிட்டு, "எல்லாம் சரி பண்ணியாச்சு" என்கிறார்கள். சோதித்துப் பார்த்தீர்களா என்று கேட்டால் பதில் இல்லை.

நம்ம மெயின் ரோட்டு பெட்ரோல் பங்க்கைத்தான் சொல்கிறோம். உள்ளூர்க்காரர்களுக்குத் தெரிந்த கதைதான். பக்கத்து ஊர்ச் சங்கத்தார் கைக்கும் இந்தத் துண்டறிக்கை போகும் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். போன சித்திரையில் பங்க்குக்குக் கிழபுறத் தோட்டத்து அம்மா ஒருவர் எருமையைத் தண்ணித் தொட்டிக்கு ஓட்டிப்போனார். எருமை மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை உதறிக்கொண்டு திரும்பிவிட்டது. சித்திரை வெயிலில் எருமை தண்ணியை வேண்டாம் என்று சொன்னால் என்ன அர்த்தம்? மோந்து பார்த்தால் பெட்ரோல் வாசம். பத்து நாளில் அடுத்த கிணற்றிலும் அதே வாசம். வைகாசியில் நாலு காடு தள்ளி இருக்கிற மூன்றாவது கிணறும் கெட்டது. நடுவில் இருக்கும் ஒரு கிணறு மட்டும் இன்றுவரை நன்றாக இருக்கிறது. அந்த ஒரு கிணற்றைக் காட்டித்தான் "பக்கத்துக் கிணறே நல்லா இருக்குது, எங்க பெட்ரோல் அதைத் தாண்டிக் குதிச்சா போச்சு?" என்று கம்பெனி ஆள் கேட்டார்.

ஐயா, கிணறு வெட்டினவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. நம்ம பூமி கரும்பாறை. மேலே மண், அதற்குக் கீழே சரளை, அதற்கும் கீழே பாறை. பாறையில் தண்ணி வெடிப்பு வழியாகத்தான் ஓடும். ஊத்துக்கண் எந்தப் பக்கம் திரும்புதோ அந்தப் பக்கம் போகும். அண்ணன் கிணற்றில் எட்டு மணி நேரம் தண்ணி ஓடும், வரப்புக்கு இந்தப்பக்கம் தம்பி கிணறு காய்ந்து கிடக்கும். தண்ணி போகிற தடத்தில்தான் பெட்ரோலும் போகும்.

மனு கொடுத்தோம். ஆடியில் இரண்டு ராத்திரி பங்க்கைச் சுற்றிப் படுதா கட்டினார்கள். பம்பு நிற்கிற மேடைக்குப் பக்கத்தில் கான்கிரீட்டை உடைத்து, துருப்பிடித்த ஒரு துண்டுக் குழாயையும் ஒரு பெண்டையும் கழற்றி மாற்றினார்கள். மூன்றாம் நாள் காலை வியாபாரம் ஆரம்பித்துவிட்டது. ஐப்பசி மழைக்குக் கிணற்றில் தண்ணி ஏறியது. ஏறின தண்ணி மேல் வானவில் மாதிரி எண்ணெய்ப் படலம் மறுபடி மிதக்கிறது. இது முன்பு கசிந்து மண்ணில் தேங்கிய பெட்ரோல் தண்ணியோடு மேலே வருவதா, அல்லது இன்றைக்கும் கசிகிறதா? சோதனை செய்யாமல் நமக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. நம்ம போராட்டமே இந்த ஒரு கேள்விக்குத்தான்.

பூமிக்குள் என்ன இருக்கிறது என்று நம்மில் பலருக்குத் தெரியாது. எங்களுக்கும் இந்தச் சண்டைக்கு முன்னால் தெரியாது. டேங்கர் லாரி கொண்டுவருகிற எண்ணெய், பூமிக்குள் படுக்கைவசமாகப் புதைத்த இரும்பு டேங்க்கில் இறங்குகிறது. ஒரு டேங்க் 15 ஆயிரம், 20 ஆயிரம் லிட்டர் பிடிக்கும். அங்கிருந்து குழாய் பூமிக்கடியில் பம்பு வரைக்கும் ஓடுகிறது. இதில் இரண்டு வகை இருக்கிறது. பழைய வகையில், மேலே நிற்கும் பம்பு எண்ணெயை உறிஞ்சும். நம்ம மோனோபிளாக் மோட்டார் மாதிரி. உறிஞ்சுகிற குழாயில் ஓட்டை விழுந்தால் காற்று இழுக்கும், மோட்டார் தண்ணி எடுக்காது, வெளியே அதிகம் கசியாது. புது வகையில், டேங்க்குக்குள்ளேயே மோட்டார் இறங்கியிருக்கும். நம்ம சப்மெர்சிபிள் மாதிரி. அது கீழிருந்து தள்ளும். தள்ளுகிற குழாயில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மோட்டார் ஓடுகிற நேரமெல்லாம் பீய்ச்சும். நம்ம ஊர் பங்க் இரண்டாவது வகை.

"எங்க பங்க் ஆட்டோமேஷன். கசிஞ்சா கம்ப்யூட்டர் காட்டிக் கொடுத்துரும்" என்று சொன்னார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நொடிக்கு ஒரு சொட்டு கசிகிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 4 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. வருஷத்துக்கு 1,500 லிட்டரைத் தாண்டும். 20 ஆயிரம் லிட்டர் டேங்க் பாதி நிறைந்திருக்கும்போது அளவுகோலில் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 12 லிட்டர் குறைந்திருக்கும். அப்படியானால் இந்தச் சொட்டுக் கசிவு ஒரு நாளில் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. இதை எந்தக் கண் பார்க்கும்? வெயிலுக்குப் பெட்ரோல் விரிவதும் ராத்திரி சுருங்குவதும் இதைவிடப் பெரிய வித்தியாசம் காட்டும். நாள் கணக்கில் தெரியாது. மாசக் கணக்காக வரவு, விற்பனை, இருப்பு மூன்றையும் கூட்டிக் கழித்தால்தான் பிடிபடும். அந்தக் கணக்கைத்தான் நாம் கேட்கிறோம், காட்ட மறுக்கிறார்கள்.

வருஷத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு லிட்டர் என்றால் கம்பெனிக்குக் கைத்துடைப்பு நஷ்டம். நமக்கு? இன்றைய பி.எஸ்.-6 பெட்ரோலில் நூற்றுக்கு ஒரு பங்கு வரை பென்சீன் என்னும் பொருள் இருக்கலாம். ரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகம் ஒப்புக்கொண்ட விஷம் அது. குடிதண்ணியில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த அளவுப்படி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கக்கூடிய பென்சீன் எட்டு லட்சம் லிட்டருக்கும் மேல் தண்ணியைக் குடிக்க லாயக்கில்லாமல் ஆக்கும். 20 அடி விட்டமுள்ள கிணற்றில் 20 அடி தண்ணி நின்றால் அது ஒன்றே முக்கால் லட்சம் லிட்டர். நாலு கிணற்றுத் தண்ணியைக் கெடுக்க ஒரு லிட்டர் போதும்.

இன்னொரு விஷயம். பைக்குக்குப் பெட்ரோல் போட்டுப் பாதி வழியில் நின்றுபோய், "பெட்ரோலில் தண்ணி" என்று பங்க்கில் சண்டை நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். டேங்க்குக்குள் தண்ணி பல வழியில் போகலாம். மூடி சரியில்லாமல் மழைத்தண்ணி இறங்கலாம். ஆனால் மழைக்காலத்தில் நிலத்தடித் தண்ணி ஏறி டேங்க்கைச் சூழ்ந்து நிற்கும்போது ஓட்டை வழியாக உள்ளே போகிறது என்றால், அதே ஓட்டை கோடையில் தண்ணி இறங்கியதும் என்ன செய்யும்? உள்ளே இருப்பதை வெளியே விடும். நம்ம பங்க்கில் முந்தின கார்த்திகையில் இரண்டு டி.வி.எஸ். எக்ஸெல்லும் ஒரு ஆட்டோவும் நின்றன. அடுத்த சித்திரையில் எருமை தண்ணி குடிக்கவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறதா இல்லையா என்று நாங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. குழாயோடு சேர்த்து டேங்க்கையும் சோதி என்றுதான் கேட்கிறோம்.

சோதிப்பது எப்படி? குழாயை இரண்டு பக்கமும் அடைத்து, ஓடுகிறபோது இருக்கும் அழுத்தத்தைவிட ஒன்றரை மடங்கு கொடுத்து, ஒரு மணி நேரம் நிற்கிறதா என்று பார்ப்பது. பெட்ரோல் இருந்த குழாயில் கம்ப்ரஸர் காற்றை அடிக்கக் கூடாது, வெடித்துவிடும். நைட்ரஜன் வாயுவோ, உள்ளே இருக்கிற அதே எண்ணெயோ கொண்டுதான் அழுத்தம் கொடுக்க வேண்டும். ஆகவே இது தெரிந்த ஆள் செய்ய வேண்டிய வேலை. ஒப்பந்தக்காரரின் கையாள் ராத்திரி டார்ச் அடித்துப் பார்ப்பது சோதனை ஆகாது.

அழுத்தச் சோதனை மட்டும் போதும் என்றும் நாம் ஏமாந்துவிடக் கூடாது. அமெரிக்காக்காரன் விதியில் இந்தச் சோதனையில் மணிக்கு ஏறக்குறைய 380 மில்லி வரைக்கும் கசிந்தால்தான் பிடிபட வேண்டும் என்று வைத்திருக்கிறான். நாளுக்கு 9 லிட்டர்! நாம் சொன்ன சொட்டுக் கசிவு அதில் பாஸ் ஆகிவிடும். அதனால்தான் இரண்டாவது தடுப்பு வேண்டும். டேங்க்குக்கு இரட்டைச் சுவர், குழாய்க்கு வெளியே இன்னொரு குழாய், டேங்க் தலைமேலும் பம்புக்கு அடியிலும் கசிவைத் தாங்கிப் பிடிக்கிற சேம்பர். லாரியிலிருந்து இறக்கும் வாயிலும் சிந்துவதைப் பிடிக்க ஒரு தொட்டி. பால் கறக்கும்போது குண்டாவுக்குக் கீழே தட்டு வைக்கிற மாதிரி.

அந்தத் தட்டும் ஓட்டையாக இருந்தால்? சேம்பரைச் சோதிப்பது ரொம்பச் சுலபம். குழாய் நுழைகிற இடத்துக்கு மேலே வரைக்கும் தண்ணி ஊற்றி, கோடு கிழித்து, ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு இறங்கினாலும் ஃபெயில். இதற்கு வெளிநாட்டு மெஷின் வேண்டாம். ஒரு குடம், ஒரு ஸ்கேல், ஒரு கடிகாரம் போதும். சோதித்த தண்ணியை வாய்க்காலில் கொட்டிவிட்டுப் போகக் கூடாது, அதிலும் எண்ணெய் கலந்திருக்கும். அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவைச் சொல்வதில் நமக்கு ஒரு பெருமையும் இல்லை. கெட்டு அனுபவப்பட்டவன் என்பதால் சொல்கிறோம். 1984-ல் சட்டம் போட்டு, 1988-ல் விதி எழுதி, பழைய இரும்பு டேங்க்குகளைச் சரிசெய்ய 1998 டிசம்பர் வரை கெடு வைத்தார்கள். இன்று வரை அங்கே பதிவான கசிவு ஐந்து லட்சத்துக்கும் மேல். அந்த விதியில் ஒரு வரி நமக்கு வேண்டும்: டேங்க்கையோ குழாயையோ ரிப்பேர் செய்தால் 30 நாளுக்குள் கசிவுச் சோதனை செய்தாக வேண்டும். 2015-ல் விதியைத் திருத்தி, குழாய்க் கசிவைக் கண்காணிக்கும் சேம்பர்களையும் மூன்று வருஷத்துக்கு ஒருதரம் சோதி என்றும் சேர்த்தார்கள்.

நம்ம நாட்டில் சட்டமே இல்லையா? இருக்கிறது. 2002-ம் வருஷ பெட்ரோலியம் விதிகளின்படி, டேங்க்கைப் புதிதாகப் பதித்தாலும் எடுத்து மறுபடி பதித்தாலும், பயன்படுத்தும் முன்பு தகுதி பெற்றவர் தண்ணி அழுத்தம் கொடுத்துச் சோதித்துச் சான்று தர வேண்டும். லைசென்ஸ் கொடுப்பது மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. அதற்கு முன் ஆட்சேபணை இல்லை என்று சான்று கொடுப்பது மாவட்ட நிர்வாகம். கொடுத்தவர்களுக்குக் கேட்கவும் அதிகாரம் உண்டு. 1974 தண்ணீர்ச் சட்டம், தெரிந்தே கிணற்றிலோ நிலத்திலோ விஷப்பொருளை விடுவது குற்றம் என்கிறது. ஆடி மாசம் வரைக்கும் தெரியாது என்றால் ஒத்துக்கொள்வோம். குழாயைக் கழற்றி மாற்றின பிறகும் தெரியாது என்று சொல்ல முடியுமா?

2020 ஜனவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், புது பங்க் வைக்கும்போது பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குடியிருப்புப் பகுதி இவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், எப்படியானாலும் 30 மீட்டருக்குக் குறையக் கூடாது என்று சொன்னது. நல்லது. அந்தத் தூரக் கணக்கில் விவசாயி கிணறு இல்லை. இருந்திருக்க வேண்டும் என்று இந்தத் துண்டறிக்கை மூலம் எழுதி வைக்கிறோம்.

2013-ல் சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டு போர்வெல்லில் பெட்ரோலிய எண்ணெய் வந்தது. பூமிக்கடியில் போன எண்ணெய்க் குழாயில் கசிவு. விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய், நிலத்தடியைச் சுத்தம் செய்வது வருஷக்கணக்கில் இழுத்தது. 2017 ஜூன் 30-ல் கதிராமங்கலத்தில் வயலில் கச்சா எண்ணெய் கொப்பளித்தபோது நியாயம் கேட்ட ஜனங்களுக்குத் தடியடி கிடைத்தது. அங்கே கசிந்தது கண்ணுக்குத் தெரிந்தது, கறுப்பாகத் தெரிந்தது. நம்ம ஊரில் கண்ணுக்குத் தெரியாமல் கிணற்றுக்குள் போகிறது. அதனால் நம்ம சண்டைக்குப் பத்திரிகைக்காரரும் வரவில்லை.

இனி நம்ம வீட்டுக் குறையையும் சொல்லிவிடுவோம். சங்கக் கூட்டத்தில் இளைஞர்கள் "பங்க்கையே இழுத்து மூடணும்" என்றார்கள். நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. டிராக்டருக்கு டீசல் எங்கே வாங்குவது? டீலர் நம்ம ஊர்ப் பையன். டேங்க்கும் குழாயும் கம்பெனிக்குச் சொந்தம். கசிந்ததில் அவருக்கும்தான் நஷ்டம். அவரைத் திட்டிப் பேசுவதை விட்டுவிடுங்கள். இன்னொன்று, நம்மில் எத்தனை பேர் ஆயில் இன்ஜினைக் கிணற்று மேட்டில் வைத்து, டீசல் பேரலை அங்கேயே சாய்த்து வைத்திருக்கிறோம்? நாளைக்கு அதிகாரி வந்து "உங்க டீசல்தான் கிணத்துல கிடக்குது" என்று நம்ம பக்கமே திருப்பிவிடுவார். இந்த வாரத்துக்குள் பேரலைத் தள்ளி வையுங்கள்.

கம்பெனி தினம் ஒரு லாரி தண்ணி அனுப்புகிறேன் என்றதும் இரண்டு குடும்பம் கையெழுத்துப் போட்டதாகக் கேள்வி. அவர்கள் மேல் கோபமில்லை, மாட்டுக்குத் தண்ணி வேண்டுமே. ஆனால் அந்தத் தாளில் "இனி புகார் இல்லை" என்று ஒரு வரி இருக்கிறது. தண்ணியை வாங்குங்கள், அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மூன்று கிணற்றுக்காரர்களும் கவனிக்க வேண்டியது. மோட்டார் பார்க்க யாரும் கிணற்றுக்குள் இறங்கக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், அடியில் தங்கி நிற்கும். ஆளை மயக்கிப் போட்டுவிடும். கிணற்று மேட்டில் பீடி, தீக்குச்சி கூடாது. "பத்துதா பார்க்கலாம்" என்று கிணற்றில் நெருப்பைப் போட்டுப் பார்க்கும் வேடிக்கை வேண்டவே வேண்டாம். தண்ணியைக் காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், ஆவி சமையல்கட்டில் பரவும். வாசம் போய்விட்டது, இனிக் குடிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். பென்சீன் நம்ம மூக்குக்குத் தெரிகிற அளவு, கூடாது என்று சொன்ன அளவைவிடப் பல மடங்கு அதிகம். உப்பு, சுண்ணாம்பு பார்க்கிற சாதாரணப் பரிசோதனையில் இது தெரியாது. பென்சீன், டொலுவீன், சைலீன் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கேட்க வேண்டும்.

நம்ம கோரிக்கை: பங்க் விற்பனையை இரண்டு நாள் நிறுத்தி, டேங்க், குழாய், சேம்பர் மூன்றையும் சோதிக்க வேண்டும். வருவாய்த்துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ஊர்க்காரர்கள் முன்னிலையில் செய்ய வேண்டும். ஃபெயில் ஆனால் தோண்டி மாற்றி, மண்ணை மூடும் முன் மறுபடி சோதிக்க வேண்டும். கடந்த மூன்று வருஷ இருப்புக் கணக்கைக் கொடுக்க வேண்டும். இதற்குத் தகவல் உரிமைச் சட்டப்படியும் மனுப் போட்டிருக்கிறோம். மூன்று கிணற்றையும் இறைத்துச் சுத்தம் செய்யும் செலவு கம்பெனியுடையது. இறைக்கும் தண்ணியை ஓடையில் விடக் கூடாது. சுத்தமாகும் வரை குடிக்கவும் மாட்டுக்கும் தண்ணி தர வேண்டும்.

இம்மாதக் கடைசி வெள்ளிக்கிழமை கலெக்டர் ஆபீசில் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். காலை 9 மணிக்கு மாரியம்மன் கோயில் திடலில் கூடி, வேன்களில் புறப்படுகிறோம். பச்சைத் துண்டோடு வாருங்கள். கிணற்றுக்காரர்கள் அன்று காலையில் எடுத்த தண்ணியைக் கண்ணாடி பாட்டிலில் கழுத்து வரைக்கும் நிரப்பி, காற்று நிற்காமல் மூடி, ஈரச் சாக்கில் சுற்றி எடுத்து வாருங்கள். பிளாஸ்டிக் கேன் வேண்டாம். பாட்டில் மேல் சர்வே நம்பரும் தேதியும் எழுதியிருக்கட்டும்.

அலைகடலெனத் திரண்டு வாரீர்!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்